கொடுக்காத கை

ஷார் ஹுதக் எல்லை வாசலை யாரும் நடந்து கடக்க முடியாது. பாஸ்போர்ட் சரியாக இருக்கலாம், மூட்டையில் ஒரு குற்றமும் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் ஏதாவது ஒரு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தால்தான், நம் பக்கத்துக் கம்பிக்கதவிலிருந்து சீனப் பக்கத்துக் கதவு வரை கிடக்கிற வெற்று நிலத்தைத் தாண்ட விடுவார்கள். அதனால்தான் பழைய ருஷ்ய ஜீப்புகள் இந்த ஊரில் இன்னும் சாகாமல் ஓடுகின்றன. அந்த ஜீப் வரிசையில் ஒரே ஒரு பெண் ஓட்டுநர். நோர்ஜ்மா.

அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது வயிற்றுப்பாட்டுக்காக என்று ஊர் சொல்லும். அது பாதிதான் உண்மை. வயிற்றுப்பாட்டுக்கு அவளிடம் சாப்பாட்டுக் கடை இருந்தது. வாசலுக்கு எதிரே, தகரக் கூரை போட்டது. இறைச்சி வைத்துப் பொரித்த ஹோஷூருக்காக ரயில்காரர்கள்கூட இறங்கி வந்து சாப்பிட்டுப் போவார்கள். அப்படிப்பட்ட கடையைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தது ஒரு மனிதனுக்காக. அவன் பெயர் ஜாமியான். சுங்கத்தில் அதிகாரி. அவள் புருஷனை எங்கே நிறுத்தினானோ அதே இடத்தில் அவனை ஒருநாள் நிறுத்த வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

வாசலில் மூன்று உடுப்புகள் உண்டு. பச்சை, எல்லைக் காவல். ஆளைப் பார்த்து முத்திரை குத்துவது அவர்கள் வேலை. நீலம், சுங்கம். மூட்டையும் வண்டியும் அவர்கள் பாடு. வெள்ளை அங்கிக்காரர்கள் ஆய்வுத் துறை. இறைச்சி, தோல், விதை, உயிருள்ள பிராணி எதுவானாலும் அவர்கள் மோந்து பார்க்காமல் போகாது. ஒருவர் வேலையில் மற்றவர் கை வைப்பதில்லை. மூவரும் ஒரே கூடத்தில், ஒரே அடுப்பின் சூட்டில் உட்கார்ந்திருந்தாலும், ஒரு சன்னலில் கேட்ட கேள்விக்கு அடுத்த சன்னல் பதில் சொல்லாது. வரிசையில் நோர்ஜ்மாவுக்குப் பின்னால் நிற்கும் சுலூன் இதை வைத்து ஒரு கிண்டல் செய்வான். "பச்சை நம்ம மூஞ்சியப் பார்க்குது, நீலம் நம்ம மூட்டையப் பார்க்குது, வெள்ளை நம்ம ஆட்டிறைச்சியப் பார்க்குது. நாம உயிரோட இருக்கமான்னு பார்க்கிற உடுப்பை இன்னும் தைக்கவே இல்லக்கா."

இந்தக் கிண்டலுக்கு நோர்ஜ்மா ஒருநாளும் சிரித்ததில்லை.

அவள் புருஷன் சந்தாக்கும் ஜீப் ஓட்டியவன்தான். வாயாடி. வரிசையில் அவன் இருந்தால் குளிர் தெரியாது என்பார்கள். ஜாமியான் அப்போது சுங்கத்தில் ஒரு ஷிப்டுக்குத் தலைவன். அவனுடைய மைத்துனனிடம் அனுமதிச் சீட்டு இல்லாத ஆட்டுக் கம்பளிப் பொதி ஒன்று இருந்தது. அதைத் தெற்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்படி சந்தாக்கிடம் ஜாமியானே தனியாக அழைத்துச் சொன்னான். தனியாகச் சொன்னதற்குத் தனியாகவே முடியாது என்றிருந்தால் விஷயம் அத்தோடு போயிருக்கும். சந்தாக் திரும்பி வரிசையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்: "நீங்க பிடிக்க வேண்டிய சாமானை நானே கொண்டு போனா, அப்புறம் உங்களுக்கு வேலை என்னய்யா இருக்கு?"

வரிசை முழுவதும் சிரித்தது. ஜாமியானும் சிரித்தான். சிரித்துக்கொண்டே உள்ளே போனான்.

வெள்ளை மாதப் புத்தாண்டுப் பண்டிகை முடிந்து சில நாட்கள் இருக்கும். வடமேற்கிலிருந்து காற்று மணலையும் பனியையும் ஒன்றாக வாரி இறைத்துக்கொண்டிருந்த காலை. சந்தாக் வழக்கம்போல ஆட்களைக் கூடத்துக்குள் இறக்கிவிட்டு, ஜீப்பைச் சுங்கக் கொட்டகையில் காட்டி, தெற்கு முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, தன் முத்திரைக்காக உள்ளே வந்தான். சன்னலுக்குப் போய்விட்டு உடனே திரும்பப் போகிறோமே என்று கையுறையை வண்டிக்குள் இருக்கைக்கு முன்னால் இருக்கும் எஞ்சின் மூடியின் மேல் சூடேற வைத்துவிட்டு வந்திருந்தான். எல்லா ஓட்டுநர்களும் செய்வதுதான். பச்சை அவனுக்கு வெளியேறும் முத்திரை குத்தியது. அவன் தெற்குக் கதவால் வெளியே வந்தபோது முற்றத்தில் ஜீப் இல்லை. மறுபடி பார்க்க வேண்டும் என்று ஜாமியான் அதைக் கொட்டகைக்குள் இழுக்கச் சொல்லியிருந்தான். சந்தாக்கோடு வந்தவர்கள் வேறு ஜீப்புகளில் ஏறிப் போய்விட்டார்கள். அவன் வண்டியை விட்டுப் போக முடியுமா? நின்றான்.

தெற்குக் கதவைத் தட்டினான். நீ நாட்டை விட்டுப் போய்விட்டவன், முத்திரையை ரத்து செய்தால்தான் உள்ளே விட முடியும், அதற்கு வண்டியைப் பிடித்து வைத்ததாகச் சுங்கம் ஒரு வரி எழுதித் தரவேண்டும் என்றது பச்சை. கொட்டகைக் கம்பி வழியாகச் சந்தாக் அந்த ஒரு வரியைக் கேட்டான்.

"வண்டியை நான் பிடிக்கலையே," என்றான் ஜாமியான். "பார்த்துக்கிட்டு இருக்கேன். பார்க்கிறதுக்கு எதுக்கு எழுத்து?"

முற்றத்துப் பக்கச் சன்னலைத் தட்டி வெள்ளை அங்கியைக் கேட்டான். பிராணி ஏதாவது உண்டா, இல்லையென்றால் எங்களுக்கு இதில் வேலையில்லை என்றார்கள். அது பொய்யும் அல்ல. பிறகு மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு பக்க வாசலையும் மூடினார்கள். மூடப் போகும்போது ஜாமியான் முற்றத்தின் வழியாக வந்தான். கம்பி ஓரம் ஒடுங்கி நின்ற சந்தாக்கின் காலை நன்றாக ஊன்றி மிதித்தான். மிதித்தவன் நிற்கவில்லை. கை கொடுக்கவில்லை.

நம் மக்களில் நடக்கத் தெரிந்த குழந்தைகூட யார் காலையாவது மிதித்துவிட்டால் உடனே கையை நீட்டும். மறந்துவிட்டு ஊர்க்கோடி வரை போனவன் திரும்பி ஓடி வந்து கை குலுக்கிவிட்டுப் போவதும் உண்டு. குலுக்காத மிதி பகையாக நின்றுவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். ஜாமியானுக்கும் தெரியும்.

ஷிப்டு மாறி வேறு அதிகாரி வந்த பிறகுதான் சந்தாக்கை உள்ளே விட்டார்கள். அதற்குள் அவன் வலது கையில் கட்டைவிரலைத் தவிர மற்ற நான்கும் மெழுகு போல வெளுத்திருந்தன. கம்பியைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்த கை அது. நகரத்து மருத்துவமனையில் நான்கையும் எடுத்துவிட்டார்கள். நோர்ஜ்மா மூன்று துறைக்கும் புகார் கொடுத்தாள். மூன்று பதில் வந்தன. பச்சை முத்திரையைச் சரியாகக் குத்தியிருந்தது. நீலம் வண்டியைச் சரியாகப் பார்த்திருந்தது. வெள்ளைக்கு அதில் வேலையே இருக்கவில்லை. குளிருக்கு மட்டும் பதில் சொல்ல ஆளில்லை.

மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு சந்தாக் வாயாடவில்லை. இடது கையால் ஆட்டு எலும்புக் காய் ஆடப் பழகிக்கொண்டான். வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றினான். அந்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒன்றுதான் சொல்வான். "மிதிச்சான். கை கொடுக்கல." விரலைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்த வசந்தத்திலேயே நோர்ஜ்மா ஜீப்பில் ஏறினாள். ஆண்கள் முதலில் சிரித்தார்கள். கிளட்ச்சை மிதிக்கிறாயா, மாவு பிசைகிறாயா என்று சுலூன் கேட்டான். அவள் ஓட்டினாள். எந்தச் சன்னலில் எதைக் கேட்கக்கூடாது, எந்தத் துறையின் சொல் எந்த வாசற்படியோடு நின்றுபோகிறது, மதியத்துக்கு முன் கடைசி வண்டி எது என்பதையெல்லாம் அவள் தெரிந்துகொண்டாள். சில வருடங்களில் வரிசையை ஒழுங்குபடுத்துகிறவளே அவள்தான் என்று ஆனது. யார் முதலில் போவது, யாருக்கு எந்த ஆள் என்பதில் அவள் சொன்னால் மறுபேச்சு இல்லை.

ஜாமியான் அவளுடைய ஜீப்பை எத்தனையோ முறை சோதித்திருக்கிறான். அவள் ஒவ்வொரு முறையும் கீழே இறங்கி, வணக்கம் ஐயா என்று சொல்லி, பின் கதவைத் திறந்து காட்டினாள். அவன் இருக்கைக்கடியில் விளக்கடித்துப் பார்ப்பான். அவள் முகத்தில் மட்டும் அடிக்க மாட்டான். அவ்வளவு வருடத்தில் சந்தாக்கின் பெயர் ஒரு முறைகூட அவன் வாயில் வரவில்லை. அந்தப் பெயர் அவனுக்கு மறந்துவிட்டது என்றே அவள் வைத்துக்கொண்டாள். அது அவளுக்கு வசதியாகவும் இருந்தது. வயிற்றுக்குள் தணல் அணையாமல் இருக்க அது போதும்.

பிறகு ஜாமியான் ஓய்வு பெற்றான். உடுப்பு போனதும் ஆள் சுருங்கிவிட்டான். கடைத்தெருவில் சுவரோரமாக நடந்தான். கண்ணில் புரை விழுந்திருக்கிறது, எதிரே வருகிறவரை நெருங்கி வந்த பிறகுதான் அடையாளம் தெரிகிறது என்று பேச்சு அடிபட்டது. தெற்கே சீன ஊரில் கண் மருத்துவமனை இருக்கிறது. நம் ஆட்கள் பாதிப்பேர் அங்கேதான் போவார்கள். நோர்ஜ்மா காத்திருந்தாள்.

அவன் வந்தது குளிர்காலத்தின் நடுவில், ஒரு திங்கட்கிழமை. காலைப் பேருந்து நிரம்பிப் போய்விட்டிருந்தது. மதியம் அவனை மருத்துவமனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தவறினால் அடுத்த முறை எப்போது கிடைக்குமோ தெரியாது. நல்ல தோல் கையுறை, நரித்தோல் தொப்பி, கையில் ஒரு பை. வரிசையின் முதல் ஜீப்பிடம் போனான். கிளட்ச் கோளாறு என்றான் ஓட்டுநர். அடுத்தவன் எல்லா இடமும் பேசியாகிவிட்டது என்றான், பின்னால் ஒரு ஆள்கூட இல்லை. மூன்றாமவன் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டான். சுலூன் மட்டும் கண்ணாடியை இறக்கி மரியாதையாகப் பேசினான். "உங்களை ஏத்தக்கூடாதுன்னு இல்லய்யா. ஏத்தலாமான்னு பார்த்துக்கிட்டு இருக்கேன்."

யாருக்கும் நோர்ஜ்மா ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவள் ஜீப்பின் முன் விளக்கை ஒரு முறை எரித்து அணைத்தாள், அவ்வளவுதான். அந்த வரிசையில் ஜாமியானால் வேகாதவர் ஒருவரும் இல்லை.

மதிய மூடலுக்கு முன் ஆள் ஏற்றிப் போகிற கடைசி வண்டி அவளுடையது. அவன் அதன் பக்கம் வந்தபோது அவளே கதவைத் திறந்தாள்.

"ஏறுங்க ஐயா."

அவன் கதவைப் பிடித்தபடி நின்றான். கண் மங்கலாக இருந்தாலும் குரல் தெரியாதா? திரும்பி வரிசையைப் பார்த்தான். எல்லா ஜீப்புகளிலும் கண்ணாடி ஏற்றப்பட்டிருந்தது. ஏறினான்.

வழியில் அவள் அன்பாகவே பேசினாள். கண் எப்படி இருக்கிறது, மகள் எங்கே இருக்கிறாள், இந்த வருடக் குளிர் ஆட்டுக்கு ஆகுமா என்றெல்லாம் கேட்டாள். கையுறை ஈரமாக இருக்கிறதே, எஞ்சின் மூடி மேல் வையுங்கள், திரும்பி வருவதற்குள் காய்ந்து சூடாக இருக்கும் என்றாள். அவன் கழற்றி வைத்தான். பிறகு பையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் போனான். அவள் கொட்டகையில் வண்டியைக் காட்டிவிட்டு, தன் முத்திரையையும் வாங்கிக்கொண்டு, தெற்கு முற்றத்துக்கு வந்து கதவுகளை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சுலூன் தன் ஜீப்பை அவளுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். ஆள் யாரும் இல்லை. வேடிக்கை பார்க்கத்தான் வந்தான்.

ஜாமியான் முத்திரையோடு தெற்குக் கதவால் வந்தான். காற்று அவனுடைய தேல் என்கிற நீள அங்கியைக் காலோடு சுருட்டியது. ஜீப்பின் கதவை இழுத்தான். திறக்கவில்லை. தட்டினான். அவள் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினாள்.

"வண்டியைப் பார்த்துக்கிட்டு இருக்கேன் ஐயா," என்றாள்.

அவன் கை அப்படியே நின்றது. அவனுக்குப் புரிந்துவிட்டது என்பதை அவள் பார்த்தாள். எவ்வளவு வருடமாக அந்த முகத்தைக் காண ஆசைப்பட்டிருந்தாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

அவன் தெற்குக் கதவுக்குத் திரும்பிப் போனான். உள்ளே இருந்த பச்சைப் பையன் அவனைத் தெரியாதவன் அல்ல. ஆனாலும் முத்திரை விழுந்துவிட்டதே, சுங்கத்திலிருந்து ஒரு வரி வந்தால் ரத்து செய்கிறேன் என்றான். சுங்கத்தில் இருந்தவனுக்கு வேலை கற்றுக்கொடுத்ததே ஜாமியான்தான். அவன் தலையைச் சொறிந்தபடி, சரக்கு இல்லை, வண்டியில் தப்பில்லை, நான் எதைப் பிடித்ததாக எழுதட்டும் ஐயா என்று கேட்டான். வெள்ளை அங்கி கதவைப் பூட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். யாரும் தவறு செய்யவில்லை. பிறகு மதியச் சாப்பாட்டுக்குக் கதவு மூடியது.

நோர்ஜ்மா பக்கக் கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்தாள். அவன் திரும்பி நடந்து வந்தபோது கைகள் இரண்டையும் அக்குளில் செருகியிருந்தான். சீனப் பக்கத்துக் கதவு மூட இன்னும் கொஞ்சம் நேரமே இருந்தது. இப்போது வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டியதுதான். சாவியைத் திருப்பினாள்.

ஜாமியான் கெஞ்சவில்லை. கண்ணாடிக்கு அருகே குனிந்து, உள்ளே இருப்பவள் எங்கே இருக்கிறாள் என்று சரியாகத் தெரியாத பார்வையோடு, மெதுவாகக் கேட்டான்.

"சந்தாக் எப்படி இருக்கான்?"

அந்தப் பெயர் அந்த வாயிலிருந்து வந்ததை அவளால் தாங்க முடியவில்லை. மறக்கவில்லையா இவன்? இத்தனை வருடமும் தெரிந்தேதான் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தானா? ஓட்டிக்கொண்டு போவது போதாது என்று தோன்றியது. பாக்கி இன்னொன்று இருந்தது. கதவைத் திறந்து இறங்கினாள். கம்பளி பூட்ஸோடு அவன் காலை முழுப் பாரத்தையும் போட்டு மிதித்தாள். மிதித்துவிட்டு, அவன் அன்று போனதுபோலவே, திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போய்விடுவது என்பதுதான் எண்ணம்.

அவள் கை நீண்டிருந்தது.

அதை அவள் பார்த்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது. சின்ன வயதிலிருந்து பழகிய கை. மிதித்த கால் தரையில் படுவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டது. அவள் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். ஜாமியான் அதற்குள் இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான். அவன் விரல்கள் கம்பி போல இருந்தன. அவன் விடவில்லை. பின்னால் சுலூன் ஜீப்பின் கண்ணாடியை இறக்கி, வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

கை குலுக்கியாகிவிட்டது. சாட்சியும் இருந்தது. அதற்குப் பிறகு ஒருவனை வெளியில் நிறுத்திவிட்டுப் போக நம் ஆட்களால் முடியாது. அவள் பின் கதவைத் திறந்துவிட்டாள். வண்டியைக் குழிகளின் மேலேயே விட்டு ஓட்டினாள். அவன் தலை கூரையில் இடித்தது. சீன ஊரில் மருத்துவமனை வாசலில் அவன் அவசரமாக இறங்கினான். கையுறையை மறந்துவிட்டுப் போனான். அவள் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நோர்ஜ்மா நடந்ததைச் சொன்னாள். தன் கையைத் தானே வெறுத்துக்கொண்டு சொன்னாள். அடுப்பில் போடலாம்போல இருக்கிறது இந்தக் கையை என்றாள். சந்தாக் எலும்புக் காய்களை அடுக்கிக்கொண்டே கேட்டான். முடிந்ததும் தலையைத் தூக்கினான்.

"நீ எதுக்கு அழுவுற? நீ மிதிச்ச, நீ கொடுத்த. அது உங்க ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு. அன்னைக்கு மிதிபட்டது என் காலாச்சே?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆபரேஷன் நடந்துருச்சா?"

நடந்திருக்கும், வார இறுதியில் கட்டு அவிழ்ப்பார்கள் என்று அவள் சொன்னாள்.

"நல்லது. நீ அவனை விட்டுட்டு வந்திருந்தா காரியம் கெட்டிருக்கும். கண்ணு தெளியட்டும். மங்கலாப் பார்த்தா போதாது." காய்களைப் பைக்குள் போட்டான். "என் பாஸ்போர்ட் இன்னும் செல்லுமா பாரு."

விரல்கள் உறைந்த அந்த நாளுக்குப் பிறகு சந்தாக் எல்லை வாசல் பக்கமே போனதில்லை. அந்த வாரம் முழுக்க அவன் வாயாடினான். தேநீரில் உப்பு போதவில்லை என்றான். மாவு பிசைகிறவள் ஓட்டினால் ஜீப்பின் கியர் இப்படித்தான் கத்தும் என்றான். நோர்ஜ்மாவுக்கு அந்தக் குரலைக் கேட்கப் பயமாக இருந்தது, பிடித்தும் இருந்தது.

கட்டு அவிழ்த்த மறுநாள் இருவரும் தெற்கே போனார்கள். சுலூன் விசாரித்து வைத்திருந்தபடி, ஜாமியான் மதியத்துக்குப் பிறகு ஊர் திரும்பக் கிளம்பினான். இந்த முறை அவனை ஏற்றிக்கொள்ள எல்லா ஜீப்பும் தயாராக இருந்தது. அவன் சுலூனின் ஜீப்பில் ஏறினான். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. வழியெல்லாம் அதைக் கழற்றிக் கழற்றி வெளியே பார்த்தான், அந்தக் கம்பத்தில் எழுதியிருக்கிறதுகூடத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தான் என்று பிறகு சுலூன் சொன்னான்.

நம் பக்கக் கூடத்தில் எல்லோரும் இறங்கிப் பச்சைச் சன்னல் முன் வரிசையில் நின்றார்கள். ஜாமியானுக்கு முன்னால் நின்றவன், தொப்பியைக் கீழே இழுத்துவிட்டிருந்தான். வலது கை அங்கியின் நீளமான கைக்குள் இருந்தது. வண்டி வழி கூடத்துக்குப் பக்கத்திலேயே போகிறது, நடுவில் கண்ணாடிச் சுவர்தான். நோர்ஜ்மா அங்கே ஜீப்பை நிறுத்தினாள். பின்னால் வந்த லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். அவள் காதில் வாங்கவில்லை.

வரிசை ஓர் அடி நகர்ந்தது. சந்தாக் முன்னால் போவதற்குப் பதில் பின்னால் ஓர் அடி வைத்தான். ஜாமியானின் காலை மிதித்தான். சத்தமாக அல்ல. அழுத்தமாக.

பிறகு திரும்பினான். அங்கிக்குள்ளிருந்து வலது கையை எடுத்து நீட்டினான். கட்டைவிரலும் உள்ளங்கையும். மற்ற இடத்தில் மழமழவென்று மூடிய தோல்.

"மன்னிக்கணும் ஐயா. தெரியாம மிதிச்சுட்டேன்."

ஜாமியான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தான். முத்திரைக்கு முகம் காட்ட வேண்டுமே. புதுக் கண்ணால் முதலில் அவன் கையைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான். மறுபடி கையைப் பார்த்தான். கூடத்தில் பச்சை இருந்தது, நீலம் இருந்தது, வெள்ளை அங்கி தேநீர்க் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தது. வரிசையில் பிள்ளைகளோடு பெண்கள் நின்றார்கள். மிதித்தவன் கையை நீட்டியிருக்கிறான். அதை வாங்காமல் நிற்கிற ஒருவனை அவர்களில் யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜாமியான் கையை நீட்டினான். பிடிக்க விரல் இல்லாத கையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் அவன் விரல்கள் ஒரு கணம் தடவின. பிறகு பிடித்தான். சந்தாக் கட்டைவிரலால் அவன் கையை இறுக்கிக்கொண்டான். அந்த ஒரு விரலில் இத்தனை பலம் இருக்கும் என்று நோர்ஜ்மாவுக்கே தெரியாது. ஜாமியான் இழுத்தான். வரவில்லை.

"அடுத்த ஆள் வாங்க," என்றது சன்னல். "நகருங்க, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

சந்தாக் திரும்பவில்லை. "கொஞ்சம் இருங்க தம்பி," என்றான். "என்னை நகரச் சொல்லாதீங்க. ஐயா என் கையைப் பார்த்துக்கிட்டு இருக்காரு."

முதலில் சிரித்தது சுலூன். சுங்கத்துப் பையன்கள் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கும் அந்தக் கதை தெரியும். இந்த வாசலில் அது தெரியாதவர் யார்? ஜாமியானின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அறுவை செய்த கண் என்பதாலா, வேறெதனாலா என்று சொல்ல முடியாது. இரண்டு கண்ணிலும் வழிந்தது. ஜாமியான் தலையைத் திருப்பிக்கொள்ளும் வரை சந்தாக் பிடித்திருந்தான். திருப்பிக்கொண்ட பிறகும் இன்னும் கொஞ்சம் பிடித்திருந்தான். பிறகு விட்டுவிட்டு, பாஸ்போர்ட்டை இடது கையால் சன்னலில் வைத்தான்.

வடக்கு முற்றத்தில் அவன் வந்து ஜீப்பில் ஏறியபோது நோர்ஜ்மா எஞ்சினை அணைக்காமல் வைத்திருந்தாள். இதற்குத்தானே கடையை விட்டாய் என்று யாராவது கேட்டிருந்தால் ஆமாம் என்று அந்த நேரத்தில் சத்தியம் செய்திருப்பாள். கூடத்தின் கதவருகே ஜாமியான் பையைக் கீழே வைத்துவிட்டு, போவதா நிற்பதா என்று தெரியாதவன்போல நின்றுகொண்டிருந்தான். அவனைச் சுற்றிப் போனவர்கள் அவன் காலில் படாமல் விலகி நடந்தார்கள்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

சந்தாக் கதவைச் சாத்தினான்.

"வேர்த்திருந்துச்சு அவன் கை."

எஞ்சின் மூடியின் மேல் அந்தத் தோல் கையுறை இன்னும் கிடந்தது. அவன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். தன் உள்ளங்கையை அதில் நன்றாகத் துடைத்துக்கொண்டான். கண்ணாடியை இறக்கி, ஜாமியான் நிற்கிற திசையில் அதை வெளியே போட்டான்.

"வண்டியை எடு," என்றான். "உன் தங்கச்சி கடையில ஹோஷூர் சூடா இருக்கும்."